டர்போவா, என்.ஏ. எஞ்சினா? டர்பனிலும் ஜோகன்னஸ்பர்கிலும் காருக்கு வலுவூட்டத் தொடங்குவோருக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஜோகன்னஸ்பர்கின் லெனேசியாவிலோ கார் வேலை தெரிந்த நால்வரிடம் யோசனை கேட்டால், எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைப் போடச் சொல்வார்கள் இருவர்; டர்போ இல்லாத என்.ஏ. எஞ்சினையே வைத்து, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமை மாற்றச் சொல்வார்கள் இருவர். ஒவ்வொருவரும் தம் காரில் கண்டதை வைத்துச் சொல்வதால் எவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கார் எந்த ஊரில், எந்தப் பெட்ரோலில் ஓடுகிறது, அதன் கியர்பாக்ஸ் எது என்று விசாரிக்காமல் அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்பவரின் பணம்தான் பெரும்பாலும் வீணாகிறது. வேலைக்கும் கடைக்கும் அன்றாடம் ஓட்டுகிற, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள ஒரு காரை மனத்தில் வைத்து, முடிவுகளை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். பந்தயத்துக்கு மட்டும் கட்டும் காருக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் ஊரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் எஞ்சின் கட்டுபவர் முதலில் கேட்க வேண்டியது எஞ்சினைப் பற்றிய கேள்வியே அன்று. கார் கடற்கரையில் வாழப்போகிறதா, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டில் வாழப்போகிறதா என்பதே முதல் கேள்வி. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது 82 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெளிக்காற்றைத் தானே உறிஞ்சி இயங்கும் என்.ஏ. எஞ்சினுக்கு வெளிக்காற்றின் அழுத்தமே மூலதனம். ஆகையால் டர்பனில் 100 கிலோவாட் தரும் என்.ஏ. எஞ்சின், ஜோகன்னஸ்பர்கில் 83 கிலோவாட்டை ஒட்டித்தான் தரும். கேம், எக்ஸாஸ்ட், சிலிண்டர் ஹெட் என்று ஓர் ஆண்டு பணம் சேர்த்துப் பெறும் ஆதாயத்தை உயரம் ஒன்றே விழுங்கிவிடக்கூடும் என்பது இதன் பொருள்.

டர்போவின் நிலை வேறு. வெளிக்காற்று மெலிந்திருந்தாலும், சற்று வேகமாகச் சுழன்று அதே அழுத்தத்தை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டில் உண்டாக்கிவிட அதனால் முடியும். ஆனால் அதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. மேனிஃபோல்டில் மொத்தம் 162 கிலோபாஸ்கல் வேண்டுமென்றால், டர்பனில் டர்போ வெளிக்காற்றை 1.6 மடங்கு அழுத்தினால் போதும். ஜோகன்னஸ்பர்கில் ஏறக்குறைய இரு மடங்கு அழுத்த வேண்டும். 70 சதவீதத் திறனுள்ள டர்போவில் 30 பாகை வெப்பமுள்ள காற்று நுழைகிறது என்று கொண்டால், வெளியேறும் காற்று டர்பனில் 90 பாகையை ஒட்டியும், ஜோகன்னஸ்பர்கில் 120 பாகையைத் தாண்டியும் இருக்கும். மேட்டு நிலத்தில் டர்போ கட்டுபவர், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் வாழ்கிறது என்றால் டர்போவையே முதலில் எண்ணிப் பாருங்கள். கார் டர்பனிலோ, டொங்காட்டிலோ, ஸ்டேன்ஜரிலோ வாழ்கிறது என்றால் என்.ஏ. எஞ்சின் நேர்மையான போட்டியாளர், அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

வலு எங்கிருந்து வருகிறது

கிலோவாட் என்பது நியூட்டன் மீட்டரில் அளக்கும் முறுக்கு விசையைச் சுழல் வேகத்தால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிடைப்பது. நிமிடத்துக்கு 5,500 சுழற்சியில் 150 நியூட்டன் மீட்டர் தரும் சாதாரண எஞ்சின் ஒன்றின் வலு 86 கிலோவாட். இதை 115-ஐ ஒட்டிக் கொண்டுபோக இரண்டு பாதைகள் உண்டு. அதே 150 நியூட்டன் மீட்டரை 7,500 சுழற்சியிலும் குறையாமல் காப்பாற்றினால் ஏறக்குறைய 118 கிலோவாட் வரும், இது என்.ஏ. பாதை. சுழற்சியை 5,000-இலேயே வைத்துக்கொண்டு முறுக்கு விசையை 220-க்கு உயர்த்தினால் 115 வரும். இது டர்போவின் பாதை.

இரண்டும் காகிதத்தில் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தந்தாலும், சாலையில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. உடைப்பதும் ஒரே பாகங்களை அல்ல. சுழற்சியைக் கூட்டினால் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டுகளும் தாங்க வேண்டிய இழுவிசை சுழல் வேகத்தின் இருபடியாக ஏறும். 6,500-இல் நின்ற எஞ்சினை 8,000 வரை ஓட்டினால் அந்த விசை ஒன்றரை மடங்காகிறது. முறுக்கு விசையைக் கூட்டினாலோ, பிஸ்டனின் தலை, ஹெட் கேஸ்கட், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவை அந்தச் சுமையை வாங்கிக்கொள்கின்றன. வோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபில் இருக்கும் 020 கியர்பாக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரத்தை ரிவெட்டுகள்தான் பிடித்திருக்கின்றன. ஓர் என்.ஏ. எஞ்சினை அது பல ஆண்டுகள் சகித்துக்கொள்ளும்; டர்போவின் முறுக்கு விசையை வைத்து ரோபோ என்று இங்கே அழைக்கும் போக்குவரத்து விளக்கிலிருந்து நான்கு முறை சீறிக் கிளம்பினால், ரிவெட் ஒன்று அறுந்து பெட்டியின் உறையையே உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். டர்போவுக்கு ஒதுக்கும் பணத்தில் கியர்பாக்ஸுக்கும் ஒரு பங்கு வையுங்கள் என்பது இதனால்தான்.

இருக்கிற எஞ்சினை அளந்துவிடுங்கள்

எந்தப் பாகத்தையும் வாங்குமுன் எஞ்சினின் உடல்நிலையை அறிந்துகொள்ள வேண்டும். சூடான எஞ்சினில் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அடுத்ததாக, சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை செய்யுங்கள். காற்று ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. எக்ஸாஸ்டில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். ஜோகன்னஸ்பர்கில் செய்யும்போது கம்ப்ரஷன் மீட்டரின் எண் கையேட்டில் அச்சிட்டதைவிடக் குறைவாக இருப்பது இயல்பே. அங்கே சிலிண்டர்களுக்கு இடையேயான வேறுபாட்டைத்தான் பார்க்க வேண்டும். ரிங் தேய்ந்த எஞ்சினில் டர்போ வைப்பதைவிடப் பெரிய விரயம் இத்தொழிலில் இல்லை.

என்.ஏ. பாதையில் போவோருக்கு

இந்நாட்டில் என்.ஏ. பாதைக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் குரூப் என் என்னும், கடையில் விற்கும் கார்களுக்கான பந்தயத்துக்காக இங்கேயே உருவான ஓப்பல் கடெட் சூப்பர்பாஸ், 2 லிட்டர் 16 வால்வு எஞ்சினில் கூர்மையான கேம் வைத்து 125 கிலோவாட் தந்தது. அதனோடு மோதிய பி.எம்.டபிள்யூ. 325ஐ.எஸ்., கொள்ளளவை 2.7 லிட்டராகக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒன்று சுவாசத்தைத் திருத்தியது, மற்றொன்று நுரையீரலையே பெரிதாக்கியது. வீட்டில் கட்டுபவருக்குப் பின்னதே மலிவானது. பெரிய எஞ்சினைத் தேடிப் பொருத்துவது சிறிய எஞ்சினை வதைப்பதைவிட எப்போதும் எளிது.

இருக்கும் எஞ்சினையே திருத்துவதென்றால் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரு தொகுப்பாகவே திட்டமிட வேண்டும். எக்ஸாஸ்ட் கடைகளில் பிராஞ்ச் என்று கேட்டால் கிடைக்கும் 4-2-1 குழாயும் ஃப்ரீ-ஃப்ளோ பெட்டியும் மட்டும் போட்டால் ஒலி கூடும். வலு சில கிலோவாட் கூடலாம், அவ்வளவே. கேமை மட்டும் மாற்றினால் கீழ்ச் சுழற்சியில் எஞ்சின் மந்தமாகும், ஏனெனில் வால்வு அதிக நேரம் திறந்திருப்பதால் அடங்கவேண்டிய காற்றின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய, பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கம்ப்ரஷன் விகிதத்தை உயர்த்த வேண்டும், அதற்கேற்ப, எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யு.வில் பெட்ரோல் அளவும் தீப்பொறி நேரமும் குறித்த அட்டவணையான மாப் மாற வேண்டும். கேம் உயரமானால் வால்வு ஸ்பிரிங்கும் மாற வேண்டும். கம்ப்ரஷன் விகிதத்தை 10-இலிருந்து 11-ஆக்குவதால் மட்டும் கிடைக்கும் ஆதாயம் 2 அல்லது 3 சதவீதம்தான் என்றாலும், கூர்மையான கேமை அன்றாடம் ஓட்டக்கூடியதாக ஆக்குவது அந்த உயர்வுதான். அன்றாடம் ஓட்டும் காருக்கு, வால்வை 270 பாகைக்கு மேல் திறந்து வைக்கும் கேமை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு மேல் போனால் பெடலை மிதிக்காத ஐடில் நிலையில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் குறைந்து, பிரேக் பெடல் கல்லாகிவிடும். வாகன நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அது வேடிக்கையல்ல.

என்.ஏ. எஞ்சினின் உச்சவரம்பையும் அறிந்துகொள்ளுங்கள். ஹோண்டா எஸ்2000 காரின் 2 லிட்டர் எஞ்சின் 8,300 சுழற்சியில் 177 கிலோவாட் தந்தது. அது தொழிற்சாலை ஒன்று தன் முழு அறிவையும் செலவிட்டுப் பெற்ற எண். பழைய 8 வால்வு எஞ்சினை வைத்துக்கொண்டு லிட்டருக்கு அந்த அளவை எதிர்பார்ப்பவர் தம் பணப்பையைத்தான் சோதிக்கிறார். இந்தக் குறைகளை எல்லாம் சொன்ன பிறகும், பெடலில் வைத்த கால் அசைந்த அளவுக்கே எஞ்சின் அசைகிற அந்த நேர்த்தி என்.ஏ.-க்கு மட்டுமே உரியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நார்த் கோஸ்ட் சாலையின் வளைவுகளில் ஓட்ட விரும்புபவருக்கு அதுவே போதுமான காரணம்.

டர்போ பாதையில் போவோருக்கு

டர்போ பொட்டலம் ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணமே பலரைக் கெடுக்கிறது. டர்போவும் மேனிஃபோல்டும் மொத்தச் செலவில் பாதிகூட இராது. பெரிய இன்ஜெக்டர்கள், ஃப்யூல் பம்ப், இன்டர்கூலர், அதன் குழாய்கள், டர்போ வெளிக்காற்றுக்கு மேல் தரும் அழுத்தமான பூஸ்டை அளக்கக்கூடிய மாப் சென்சார் (மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது; ஈ.சி.யு.வின் மாப் வேறு), தனி ஈ.சி.யு., கிளட்ச், கடைசியாக, வலுவை அளக்கும் இயந்திரமான டைனோவில் டியூனிங் ஆகிய எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முதல் பாகத்தை வாங்க வேண்டும். என்.ஏ. எஞ்சினில் இருக்கும், 1 பார் வரை மட்டுமே அளக்கும் மாப் சென்சாருக்கு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அதை மாற்றாமல் பூஸ்ட் கொடுத்தால் ஈ.சி.யு. கண்ணைக் கட்டிக்கொண்டு பெட்ரோல் ஊற்றுகிறது என்றே பொருள். கோடெக், ஸ்பிட்ரானிக்ஸ், டிக்டேட்டர் போன்ற உள்நாட்டு ஈ.சி.யு.க்கள் இங்கே கிடைப்பதும், அவற்றை டியூன் செய்யத் தெரிந்தவர்கள் பெருநகரங்களில் இருப்பதும் நமக்கு ஒரு வசதி.

இன்ஜெக்டரின் அளவைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. டர்போ எஞ்சின் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.36 கிலோ பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோவாட்டுக்கு அது 54 கிலோ. நான்காகப் பிரித்து, இன்ஜெக்டர் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற இடைவெளியும் விட்டால், நிமிடத்துக்கு 360 சி.சி. தரும் இன்ஜெக்டர் வேண்டும். இதைவிடச் சிறியதைப் போட்டுவிட்டுப் பெட்ரோல் அழுத்தத்தை உயர்த்திச் சமாளிக்கலாம் என்று சொல்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் இடையில் இருக்க வேண்டும், என்.ஏ. எஞ்சினுக்குப் போதுமான 13 இங்கே ஆபத்து.

10 கம்ப்ரஷன் விகிதம் உள்ள, திறக்கப்படாத என்.ஏ. எஞ்சினுக்கு 0.4 அல்லது 0.5 பார் பூஸ்ட், நல்ல இன்டர்கூலர், 95 ஆக்டேன் பெட்ரோல், கவனமான இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) என்ற எல்லைக்குள் நின்றால் அது நெடுநாள் ஓடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உலோகத்தை அடித்து வலுவாக்கிய ஃபோர்ஜ்ட் பிஸ்டனும் ராடும் போடாமல் தொடாதீர்கள்.

ஆயில் திரும்பும் குழாய் என்ற அற்பப் பொருள் ஒன்று இருக்கிறது. டர்போவுக்குள் அழுத்தத்தோடு போகும் ஆயில், நுரைத்துக்கொண்டு தன் எடையால் மட்டுமே கீழே இறங்க வேண்டும். அந்தக் குழாய் அகலமாகவும், வளைந்து மேலேறாமலும், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேருமாறும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புது டர்போகூட நீலப் புகை கக்கும். உரிமையாளரோ டர்போவைக் குறை சொல்லித் திரும்பக் கொடுக்கப் போவார். அதேபோல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வெப்பம் எதைச் சுடுகிறது என்று பாருங்கள்: பிரேக் குழாய், கிளட்ச் கேபிள், வயரிங். பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலை நோக்கி ஊர்ந்து நகரும் வாகன வரிசையில் அரை மணி நேரம் நின்றால், இன்டர்கூலரின் மீது காற்றே படாது; ரேடியேட்டர் விசிறி சரியில்லாத டர்போ கார் அங்கேதான் தன் குறையை எல்லோருக்கும் அறிவிக்கும்.

சூப்பர்சார்ஜர் பற்றிச் சுருக்கமாக. மினி கூப்பர் எஸ் காரின் ஈட்டன் எம்45 போன்றவை பழைய பாகக் கடைகளில் கிடைக்கின்றன. பெல்ட்டால் சுழல்வதால் கீழ்ச் சுழற்சியிலேயே முறுக்கு விசை வருகிறது. எக்ஸாஸ்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அதன் வேகம் கிராங்க்கோடு பிணைக்கப்பட்டிருப்பதால், டர்போவைப்போல உயரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளாது. சிறிய புல்லி போட்டாலன்றி ஜோகன்னஸ்பர்கில் என்.ஏ. எஞ்சினைப் போலவே அதுவும் இழக்கும். கடற்கரைக்காரருக்கு நல்லது, மேட்டுநிலக்காரருக்கு நடுத்தரம்.

மூன்றாவது வழி: எஞ்சினையே மாற்றுவது

முதல் காரைக் கட்டுபவருக்கு நான் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். தொழிற்சாலையிலேயே டர்போவோடு பிறந்த எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் 4 ஜி.டி.ஐ.-யின் 1.8 லிட்டர் 20 வால்வு டர்போ 110 கிலோவாட்டோடு வந்தது. குறைந்த கம்ப்ரஷன் விகிதம், பிஸ்டனை அடியிலிருந்து குளிர்விக்கும் ஆயில் தாரை, நாக்கிங் என்னும் கட்டுக்கடங்காத எரிதலை உணரும் நாக் சென்சார், பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யு. எல்லாம் அதனுள்ளேயே இருக்கின்றன. மாப் ஒன்றை மாற்றினாலே கணிசமான கிலோவாட் கூடிவிடும். என்.ஏ. விரும்புபவருக்கு 2.8 லிட்டர் வி.ஆர்.6 இருக்கிறது, 128 கிலோவாட், எதையும் திறக்காமல். சிட்டி கோல்ஃபின் மூக்கில் அதன் எடை தெரியும், ஆகவே ஸ்பிரிங்கும் பிரேக்கும் கூடவே மாற வேண்டும்.

பெட்ரோல், டைனோ, என்3 சாலை

ஹைவெல்ட்டில் 93 ஆக்டேன் தாராளமாக விற்கப்படுவதற்குக் காரணம், அங்கே மெலிந்த காற்று சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து நாக்கிங்கைத் தணிப்பதே. இதனால் ஜோகன்னஸ்பர்கில் கட்டி, அங்கேயே 93-இல் டைமிங்கை எல்லைவரை முன்தள்ளி டியூன் செய்த உயர் கம்ப்ரஷன் எஞ்சின், டிசம்பர் விடுமுறைக்கு என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பன் வந்து சேரும்போது வேறு எஞ்சினாகிவிடுகிறது. காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஆனால் மேட்டு நிலத்துக்கு ஏற்பப் பெட்ரோல் துளையான ஜெட்டை அமைத்த கார்புரேட்டர் அதற்கு ஈடாகப் பெட்ரோல் தராததால், கலவை பத்தில் ஒரு பங்கு வறண்டுபோகிறது. த்ராட்டிலின் திறப்பை மட்டும் வைத்து மாப் செய்த, சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித் த்ராட்டில் பாடி உள்ள எஞ்சின்களுக்கும் இதே கதி, வெளிக்காற்றை அளக்கும் சென்சார் இல்லாவிட்டால்.

டர்போக்காரரும் இதில் தப்பவில்லை. பூஸ்ட் எல்லை தாண்டாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டில் ஸ்பிரிங் மட்டும் இருந்தால், அது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான் அறியும். ஜோகன்னஸ்பர்கில் 0.5 பார் என்றால் மொத்தம் 132 கிலோபாஸ்கல். அதே ஸ்பிரிங் டர்பனில் 151 தரும். மாப்பில் அந்த 151-க்கான கட்டங்களை டியூனர் நிரப்பியிருக்கிறாரா என்று காரை எடுத்து வரும்போதே கேளுங்கள். நிரப்பாமல் விட்டிருந்தால், கடற்கரையில் 95 போட்டு, மென்மையாக ஓட்டி, இங்குள்ள டைனோவில் சரிசெய்த பிறகே பெடலை மிதிக்க வேண்டும்.

டைனோ தாளைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மேட்டு நிலத்தில் அளந்த எண்ணைக் கடல்மட்ட எண்ணாக மாற்ற, இயந்திரம் ஏறக்குறைய 1.2-ஆல் பெருக்கிக் காட்டும். என்.ஏ. எஞ்சினுக்கு அது நியாயம். உயரத்தின் இழப்பைத் தானே ஈடுசெய்துகொண்ட டர்போ எஞ்சினுக்கும் அதே பெருக்கத்தைப் போட்டால், சக்கரத்தில் 140 தந்த கார் தாளில் 168 ஆகிவிடும். விற்பவர் நீட்டும் தாளில் திருத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் விலையைக் குறையுங்கள்.

டியூன் முடித்து வந்த முதல் வாரத்தில், ஒரு முழு ஓட்டத்துக்குப் பின் எஞ்சினை உடனே நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி வெயிலில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுப் பொடி தூவினாற்போல் நுண்ணிய கரும்புள்ளிகளோ, பளிச்சென்ற உலோகத் துகள்களோ இருந்தால், நாக்கிங் பிஸ்டனின் அலுமினியத்தைப் பெயர்க்கத் தொடங்கிவிட்டது. காதுக்கு எதுவும் கேட்டிருக்காது. அன்றே டைமிங்கைப் பின்தள்ளச் சொல்லுங்கள், பூஸ்டைக் குறையுங்கள்.

தாள் வேலை

எஞ்சினை மாற்றினால் அதன் எண்ணுக்குப் போலீஸ் அனுமதி பெற்று வாகனப் பதிவேட்டிலும் திருத்த வேண்டும். இறக்குமதி எஞ்சின் வாங்கும்போது விற்பனை ரசீதையும் இறக்குமதித் தாள்களையும் அன்றே வாங்கிவிடுங்கள்; பிறகு தேடினால் கிடைப்பது கடினம். காரை விற்கும்போது சாலையில் ஓடத் தகுதியுள்ளதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனைக்கு அது போக வேண்டியிருக்கும் என்பதால், எரிபொருள் குழாய்களையும் எக்ஸாஸ்டையும் தொடக்கத்திலேயே ஒழுங்காகப் பொருத்தினால் இரட்டைச் செலவு மிச்சமாகும். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட பதிலை வாங்கி வையுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தன்று கோரிக்கையை மறுக்க அதுவே அவர்களுக்குப் போதும். தவணை கூடும்தான். அந்தக் கூடுதல் தவணையையும், மாதம் 95 ஆக்டேனுக்கு ஆகும் செலவையும், அடிக்கடி மாற்றவேண்டிய முழுச் செயற்கை ஆயிலின் விலையையும் பாகங்களின் பட்டியலுக்குக் கீழேயே எழுதிக் கூட்டிய பிறகு, கையில் உள்ள பணம் எந்தப் பாதைக்கு எட்டுகிறதோ அந்தப் பாதையின் முதல் பாகத்தை வாங்கப் புறப்படலாம்.